ஆறுமணிக் குருவியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் காது, அப்புறம்தான் கண். விடியலிலும் அந்தியிலும் ‘வீட்-டியூ’ என்று இரண்டு சுரத்தில் விசில் கேட்டால், மர உச்சியைத் துழாவாதீர்கள். புதரடிச் சருகைப் பாருங்கள்.

மைனாவைவிடச் சின்னது, சுமார் 19 செ.மீ. குட்டை வால். கண்ணை ஒட்டித் தடித்த கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, இறக்கையில் பளிச்சென்று நீலம், வாலடியில் சிவப்பு. நிழலில் இத்தனை நிறமும் மங்கிவிடும். நிறத்தை மட்டும் நம்பினால் கோட்டைவிடுவீர்கள். நடையைக் கவனியுங்கள்: தத்திப் போகும், அலகால் சருகைப் புரட்டும், நின்று வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும். அங்கேயே மேயும் செந்தலைப் பூங்குருவியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: அதற்கு ஆரஞ்சுத் தலை, நீண்ட வால்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இலங்கைவரை வரும். செப்டம்பர், அக்டோபரில் களைத்து வருபவை வீட்டுக்குள் நுழைந்துவிடும், கண்ணாடியிலும் மோதும். அடிபட்டுக் கிடந்தால் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தெளிந்ததும் பகலில், மரநிழலில் விடுங்கள். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.