பிங்க் ஃப்ளாய்டின் ‘எக்கோஸ்’ தொகுப்பை எப்படிக் கேட்பது

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவை எதிலிருந்து தொடங்குவது என்று கடைக்கு வருகிற பொடியன்கள் கேட்பார்கள். ‘எக்கோஸ்’ என்றுதான் சொல்வேன். 2001 நவம்பரில் வந்த இரட்டைச் சீடி. 1967இல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிளிலிருந்து 1994 ஆல்பம் வரைக்கும் பொறுக்கியெடுத்த 26 பாட்டுகள். நான் திருகோணமலையில் ரேடியோ, ஆம்ப், ஸ்பீக்கர் திருத்துகிறவன். திருத்திய செட்டைச் சரிபார்க்கவும் இந்த இரண்டு தட்டையும்தான் போடுவேன். அதனால் செட்டைத் தயார் செய்கிறதையும் பாட்டைக் கேட்கிறதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மற்றத் தொகுப்புகளைப் போல இது ஆண்டு வரிசையில் அடுக்கியது இல்லை. 1967இல் வந்த ‘சீ எமிலி ப்ளே’ முடிகிற இடத்தில் 1979இல் வந்த ‘தி வால்’ ஆல்பத்துப் பாட்டு தொடங்கும். ‘தி வால்’ காலத்திலிருந்து அவர்களோடு வேலை செய்த ஒலிப்பதிவாளர் ஜேம்ஸ் கத்ரி, ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு இழைத்திருக்கிறார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மௌனம் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. ஆகவே ஃபோனில் கேட்டால் முதல் வேலை ஷஃபிளை நிறுத்துவது. செட்டிங்ஸில் ஒரு பாட்டை அடுத்ததோடு கலக்கிற ‘க்ராஸ்ஃபேட்’ என்று ஒன்று இருக்கும், அதைப் பூச்சியத்தில் வையுங்கள். இடைவெளி விடாமல் ஓட்டுகிற ‘கேப்லெஸ்’ என்று இருந்தால் அதைப் போடுங்கள். எம்பி3 ஆக மாற்றிய கோப்புகளில் ஒவ்வொரு பாட்டின் முனையிலும் சின்னதாக ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும். பல பிளேயர்களில் அது ஒரு விக்கல் மாதிரிக் கேட்கும். சீடி கையில் இருந்தால் தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக எடுங்கள். இடம் கூடப் பிடிக்கும், ஆனால் இணைப்புகள் அறுந்துபோகாது.

சரி, இனி செட். எங்கள் ஊரில் கடற்காற்று சொக்கெட்டுகளைத் தின்கிறது. டைக் வீதிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளிலிருந்து வருகிற ஆம்ப்களின் பின்பக்கத்தைப் பார்த்தால் ஸ்பீக்கர் வயரின் செப்பு நுனி பச்சை பூத்திருக்கும். அந்த நுனியை வெட்டிவிட்டு, உறையைச் சீவி, புதுச் செப்பு மினுங்கத் திரும்ப மாட்டுங்கள். ஹெட்ஃபோன் சொக்கெட்டைப் பார்மசியில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த கொட்டன் பட்ஸால் துடையுங்கள், மின்சாரத்தைக் கழற்றிய பிறகு. ஸ்பிரிட் காயும்வரை மறுபடி போட வேண்டாம்.

வயர் மாட்டும்போது சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால் இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராக இழுத்து பேஸ் மெலிந்துவிடும். ‘இந்த செட்டில் அடி இல்லை அண்ணை’ என்று தூக்கிக்கொண்டு வருகிற பாதிப் பேருக்கு நான் செய்கிற வேலை இந்த வயரை மாற்றிவிடுவது மட்டும்தான்.

இதைச் சரிபார்க்க இரண்டாம் தட்டில் ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ போடுங்கள். 1971இல் பதிவானது. குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மோரும் பேஸ்காரர் ரோஜர் வாட்டர்ஸும் ஆளுக்கொரு பேஸ் கிட்டார் வாசிக்கிறார்கள். ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். பின்சன் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவி வழியாகப் போவதால் கம்பியில் விழும் ஒவ்வொரு அடியும் பலவாகத் திரும்பி வரும். இரண்டையும் கவனித்துக் கேட்டால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். உங்கள் ஸ்பீக்கர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு கிட்டாருக்குப் பழைய கம்பி போட்டிருந்ததால்தான் அப்படி என்று கில்மோரே சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் தனித்தனியாக, ஆனால் ஒரே கனத்தோடு நெஞ்சில் வந்து மோதினால் செட் சரி.

ஒவ்வொரு தட்டும் கிட்டத்தட்ட 77 நிமிடம். இரண்டையும் ஒரே இரவில் கேட்க வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் கேட்டுப் பிரயோசனமில்லை, யன்னல் கதவு அடிக்கிற சத்தமே பாட்டை விழுங்கிவிடும். இரவு ஒன்பதுக்குப் பிறகு, மின்விசிறியை ஒன்றில் வைத்துவிட்டு உட்காருங்கள். விசிறி முழு வேகத்தில் சுற்றினால் மெதுவாகத் தொடங்கும் பாட்டுகளின் முதல் அரை நிமிடம் காணாமல் போகும், இவர்களுடைய பாட்டுகளில் பாதி அப்படித்தான் தொடங்கும்.

முதல் சுற்றில் அவர்கள் வைத்த வரிசையிலேயே போங்கள். முதல் தட்டில் ஐந்தாவதாக வருவது தொகுப்புக்குப் பெயர் கொடுத்த ‘எக்கோஸ்’. குழுவின் கீபோர்ட்காரர் ரிச்சர்ட் ரைட் பியானோவில் ஒற்றைச் சுரத்தைத் தட்டி, சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பியிருக்கிறார். நீருக்கடியில் ஒரு துளி விழுந்தது போல ‘பிங்’ என்று வரும். அது ஓய்ந்து திரும்ப வருகிற இடைவெளியை அவசரப்படாமல் கேளுங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி ‘மரூன்ட்’ என்ற வாத்தியப் பாட்டு வரும். அதில் அலைச் சத்தத்தோடு கில்மோரின் கிட்டார்தான் முன்னுக்கு நிற்கும். 1995இல் கிராமி விருது வாங்கியது.

‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யில் சொல்லே இல்லாமல் பாடுகிறவர் கிளேர் டோரி. 1973இல் வந்த அந்தப் பதிவுக்கு அவருக்குக் கொடுத்தது 30 பவுண்டு. இந்தத் தொகுப்பின் அட்டையில் பாட்டை ஆக்கியவராக ரைட்டின் பெயர் மட்டும் இருக்கும். பிறகு டோரி வழக்குப் போட்டு, 2005இல் இணக்கம் ஏற்பட்டு, அதற்குப் பின் வந்த பதிப்புகளில்தான் அவருடைய பெயரும் சேர்ந்தது. அந்தக் குரலைக் கேட்டவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நியாயம்.

‘மணி’ வரும்போது கையில் தாளம் போடுங்கள். காசு விழுகிற சத்தம், கடதாசி கிழிகிற சத்தம், கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம். இவற்றை நாடாவில் வெட்டி ஒட்டி வளையமாகச் சுற்றவிட்டுத்தான் அந்தத் தொடக்கத்தைச் செய்தார்கள். எண்ணிப் பாருங்கள், ஏழு வரும். நான்கு என்று எண்ணினால் கை தவறிக்கொண்டே இருக்கும். மிருதங்கம் பழகுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் விடுங்கள், ஏழட்சரம் அவர்களுக்கு மிஸ்ர சாபுவில் பழகிய கணக்கு. டிக் பாரியின் சாக்ஸஃபோன் முழுவதும் அந்த ஏழிலேயே ஓடும். கிட்டார் தனி தொடங்கும் இடத்தில் பாட்டு நான்குக்குத் தாவுகிறது, அந்த இடத்தில் உடம்பு தானாக ஆடத் தொடங்கும். ஏன் அங்கே மட்டும் ஆடுகிறது என்பது எண்ணிக்கொண்டு வந்தவர்களுக்கு உடனே விளங்கும்.

‘கீப் டாக்கிங்’கில் ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் கணினிக் குரல் வரும். அதன்பின் ‘ஷீப்’, ‘சாரோ’. முதல் தட்டு முடிந்தது.

இரண்டாம் தட்டுக்கு இன்னொரு இரவு. தொடக்கமே ‘ஷைன் ஆன் யூ க்ரேசி டயமண்ட்’. இதற்கு முன் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்: சிட் பாரெட். இந்தக் குழுவின் முதல் பாடகர், முதல் பாட்டெழுதியவர். மனநிலை குலைந்து 1968இல் வெளியேறியவர். இந்தத் தொகுப்பில் அவர் எழுதிய பாட்டுகள் ஐந்து. முதல் தட்டின் முதல் பாட்டும் அவருடையது, இரண்டாம் தட்டின் கடைசிப் பாட்டும் அவருடையது. ‘ஷைன் ஆன்’ அவரை நினைத்து எழுதியது. 1975 ஜூன் 5, லண்டன் அபி ரோட் ஸ்டூடியோவில் இந்தப் பாட்டில் வேலை நடந்துகொண்டிருந்த நேரம், தலையும் புருவமும் மழித்த, உடம்பு பெருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரென்று கூட்டாளிகளுக்கே பிடிபடச் சற்று நேரம் எடுத்தது. பாரெட்தான். இதைத் தெரிந்துகொண்டு அந்த நான்கு கிட்டார்ச் சுரங்கள் வரும்வரை காத்திருங்கள்.

‘வென் தி டைகர்ஸ் ப்ரோக் ஃப்ரீ’ என்ற தலைப்பைப் பார்த்ததும் எங்கள் ஊரில் எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். இது ஜெர்மன் படையின் டைகர் டாங்கிகளைப் பற்றியது. ரோஜர் வாட்டர்ஸின் தகப்பன் எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் 1944 பெப்ரவரி 18இல் இத்தாலியின் ஆன்சியோவில் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். பாட்டு 1982இல் சிங்கிளாக வந்தது, இந்தத் தொகுப்புக்கு முன் எந்த ஆல்பத்திலும் இடம்பெறவில்லை. பின்னணியில் ஆண் குரல்களின் கூட்டுப்பாட்டு மெதுவாக எழும்பி வரும். நேரம் இருந்தால் இதைக் கேட்பதற்கு முன் நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கிற போர்க் கல்லறைக்கு ஒருதரம் போய்விட்டு வாருங்கள். அதே இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் அங்கே வரிசையாகக் கிடக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கல்லில் பெயரையும் வயதையும் வாசித்தவருக்கு இந்தப் பாட்டுக்கு அகராதி தேவையில்லை. தந்தையை இழந்த பிள்ளையின் கோபம் எங்களுக்குப் புதிதா?

‘விஷ் யூ வேர் ஹியர்’ தொடங்கும்போது சத்தத்தைக் கூட்டாதீர்கள். முதலில் ஸ்டேஷன் மாறுகிற இரைச்சல், யாரோ பேசுகிற துண்டு, ஒரு சிம்பொனியின் துண்டு, பிறகு ஒல்லியாக ஒரு கிட்டார். பேஸும் இல்லை, ட்ரெபிளும் இல்லை. காரின் ரேடியோவில் கேட்பது போல வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ரேடியோவோடு சேர்ந்து, அறைக்குள்ளேயே உட்கார்ந்து வாசிப்பது போல இரண்டாவது கிட்டார் வரும். விரல் கம்பியில் வழுக்குவதும் கேட்கும். ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லவின் மறு ஒலிபரப்பு நிலையம் இருந்த ஊர் இது. சிற்றலை ரேடியோவின் குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த முதல் இரைச்சலிலேயே தொண்டை அடைக்கும். எனக்கு இந்தத் தொகுப்பிலேயே பிடித்த ஒரு நிமிடம் இதுதான். இங்கே சத்தத்தைக் கூட்டி வைத்தவர்களுக்கு இரண்டாவது கிட்டார் வந்து காதில் அறையும், அந்த நெருக்கம் கெட்டுப்போகும்.

இரண்டாம் சுற்று ஆண்டு வரிசையில். ஒரு பிளேலிஸ்ட் போடுங்கள். இணைப்புகள் அறும், இந்த முறை பரவாயில்லை. ‘ஆர்னல்ட் லேன்’, ‘சீ எமிலி ப்ளே’, ‘ஆஸ்ட்ரனமி டோமினி’, ‘பைக்’ நான்கும் 1967. அடுத்து 1968இன் ‘செட் தி கண்ட்ரோல்ஸ்’, ‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’. இதற்குப் பிறகு நேரே 1971க்குத் தாவ வேண்டியிருக்கும். நடுவில் வந்த ‘மோர்’, ‘உம்மகும்மா’, ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ ஆல்பங்களிலிருந்து ஒரு பாட்டும் எடுக்கவில்லை. 1972இன் ‘அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ்’ஸும் இல்லை. இது பெரிய குறை என்றே சொல்வேன். 1967இன் குறும்பு எப்படி 1973இன் நிதானமாக மாறியது என்பது அந்த இடைவெளியில்தான் நடந்தது. 1985இல் வாட்டர்ஸ் விலகினார். 1987, 1994 பாட்டுகளில் குரலும் கிட்டாரும் கில்மோரிடம். அவற்றில் ‘ஹை ஹோப்ஸ்’ஸுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். தொடக்கத்திலிருந்து ஒரு மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

பிறகு ஆல்பங்களுக்குப் போகலாம். எல்லோரும் 1973இன் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தைத்தான் முதலில் தூக்குவார்கள். என் ஆலோசனை, எங்கே அதிகம் வெட்டியிருக்கிறதோ அங்கே முதலில் போங்கள். சீடிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகச் சில பாட்டுகளைச் சுருக்கியிருக்கிறார்கள். ‘எக்கோஸ்’ உண்மையில் இருபத்து மூன்றரை நிமிடம், தொகுப்பில் பதினாறரைதான். முழுசாக ‘மெடில்’ ஆல்பத்தில் இருக்கிறது, எல்பியின் ஒரு பக்கம் முழுக்க அதுவே. ‘ஷைன் ஆன்’ ஒன்பது பகுதி, இங்கே ஏழுதான். ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தில் அது தொடக்கத்தில் பாதியும் கடைசியில் பாதியுமாகப் பிரிந்து நிற்கும், மற்றப் பாட்டுகள் நடுவில். அடுத்தது ‘அனிமல்ஸ்’, 1977. அதிலிருந்து ‘ஷீப்’ மட்டும்தான் இங்கே வந்திருக்கிறது. ‘டாக்ஸ்’ என்ற 17 நிமிடப் பாட்டு வெளியே நிற்கிறது, அதற்காகவே அந்த ஆல்பத்தை வாங்கலாம். ‘டார்க் சைட்’டை இந்த மூன்றுக்கும் பிறகு வையுங்கள். அதையும் முதல் இதயத் துடிப்பிலிருந்து கடைசித் துடிப்பு வரை, ஷஃபிள் இல்லாமல், எழும்பாமல் கேளுங்கள்.