டைன்ட்ரம்: சின்ன ஊர், இரண்டு ஸ்டேஷன்

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில் ஏ82, ஏ85 சாலைகள் பிரியும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர் டைன்ட்ரம். ஊர் சிறிசு, ஸ்டேஷன் இரண்டு. டிக்கெட் தேடும்போதே குழப்பம் தொடங்கிவிடும். 'டைன்ட்ரம் லோயர்' ஓபன் என்ற ஊருக்குப் போகும் பாதையில். 'அப்பர் டைன்ட்ரம்' ஃபோர்ட் வில்லியம் போகும் பாதையில். 1873-லும் 1894-லும் இரண்டு போட்டிக் கம்பெனிகள் ஆளுக்கொன்றாகக் கட்டியவை. அந்நாளில் ஓபன் ரயில்கள் காலண்டர் என்ற ஊர் வழியாக வந்தன. 1965-இல் க்ளென் ஓகில் பள்ளத்தாக்கில் மண் சரிந்து அந்தப் பாதை மூடியபிறகு, அவையும் கிளாஸ்கோவிலிருந்து க்ரீயன்லாரிக் சந்திப்பு வழியாகவே வருகின்றன.

இரண்டு பாதை ரயில்களும் கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் பெரும்பாலும் ஒரே ரயிலாகக் கிளம்பி, க்ரீயன்லாரிக்கில் இரண்டாகப் பிரியும். எந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதை ஏறும்போதே பெட்டியின் மின்பலகையில் பாருங்கள். தவறான பாதியில் உட்கார்ந்துவிட்டால், க்ரீயன்லாரிக்கில் இறங்கி நடைமேடை வழியாகவே மாறிக்கொள்ளலாம். டைன்ட்ரமிலேயே இறங்குபவருக்குக் கவலையில்லை, இரண்டு பாதியும் அங்கே வரும். ஓபன் போக வேண்டியவர் அப்பரில் இறங்கி லோயருக்கு ஓடினால் பலனில்லை. அந்தப் பாதி ஏறக்குறைய அதே நேரத்தில் கீழே கடந்துவிடும். அடுத்ததற்குச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஓபனிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. ரயிலில் ஒரு டைன்ட்ரமிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் க்ரீயன்லாரிக் சுற்றி 16 கி.மீ. வரும், நடந்தால் ஊருக்குள்ளேயே சிறு ஏற்றம். க்ரீயன்லாரிக்கில் இணைப்பு ரயில் சில நிமிடத்தில் தவறும் என்று அட்டவணை சொன்னால், லோயரில் இறங்கி மேலே ஏறிப் பிடிக்கலாம். இருபது நிமிடமாவது கையில் இருக்க வேண்டும். கனமான சூட்கேஸ் இருந்தால் முயல வேண்டாம்: அப்பரின் நடைமேடை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் தீவுபோல நிற்கிறது, அதற்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாகத்தான் போக முடியும்.

லண்டன் யூஸ்டனிலிருந்து இரவில் கிளம்பும் ஃபோர்ட் வில்லியம் ஸ்லீப்பரும் அப்பருக்கு வருகிறது. இறங்குமிடத்தைப் பெட்டி ஊழியரிடம் இரவே சொல்லிவிடுங்கள். சனி இரவு அந்த ரயில் கிடையாது.

நடைப்பிரியர்களுக்கு வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற நெடுந்தூர நடைபாதை ஊருக்குள்ளேயே போகிறது. பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி என்ற ஊர் வரை 11 கி.மீ., பழைய ராணுவச் சாலை, மூன்று மணி நேரம் போதும். அங்கே போய் ரயிலுக்குக் காத்திருப்பதைவிட, அப்பரிலிருந்து ரயிலில் போய் இறங்கி, திரும்பி நடப்பதே நல்லது. தவறவிட ரயில் இருக்காது. போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். பென் டோரன் மலையின் அடிவாரத்தில் பள்ளத்தாக்கை நேராகக் கடக்காமல், செலவு மிச்சம் பிடிக்க, தண்டவாளம் லாடம்போல வளைந்து போகும். எதிர்ப்புறம் நீங்கள் கடக்கப் போகும் பாலம் முன்கூட்டியே தெரியும்.

கோடையில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும், காற்று அடங்கிய மாலையில் அதிகம். வலைத்தொப்பியைப் பையின் மேலாக வையுங்கள்.