செக்குபந்தியைத் திசை மாறாமல் வாசிப்பது எப்படி

குடியாத்தத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். மனை வாங்க வரும் இளவட்டங்கள் வரைவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், ரோட்டுல இருந்து போனா லெஃப்டா, ரைட்டா?" என்றுதான் கேட்பார்கள். பத்திரத்தில் அந்தப் பேச்சே கிடையாது. தெற்கிலிருந்து போகிறவனுக்கு இடப்பக்கம் இருக்கிற மனை, வடக்கிலிருந்து வருகிறவனுக்கு வலப்பக்கம். ஆள் மாறினால் மாறுகிற ஒன்றை நம்பி யாராவது நிலம் விற்பார்களா?

செக்குபந்தி என்பது பத்திரத்தில் நிலத்தின் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் பகுதி. அது இப்படி இருக்கும்: "வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஏரிக்கால்வாய்க்கு மேற்கு, புளியந்தோப்புக்கு வடக்கு, தம்பி பாகத்து நிலத்துக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள நிலம்." இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். 'தெற்கு' என்று கண்ணில் பட்டதும் வண்டிப்பாதையைத் தெற்கே போட்டுவிடுவார்கள். சொல்லியிருப்பது உங்கள் நிலம் பாதைக்குத் தெற்கே இருக்கிறது என்று. அப்படியானால் பாதை உங்களுக்கு வடக்கே. ஒரு தாளில் கட்டம் போட்டு, மேல் ஓரத்தை வடக்காக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் சொன்ன திசைக்கு நேர் எதிர்ப்பக்கம் எழுதுங்கள். மேலே பாதை, வலது ஓரம் கால்வாய், கீழே தோப்பு, இடது ஓரம் தம்பி. இப்போது வரும் பல பத்திரங்களில் "வடக்கில்: வண்டிப்பாதை" என்று நேராகவே போடுகிறார்கள், அதை அப்படியே எழுதிவிடலாம். ஒரே சொத்தின் தாய்ப்பத்திரம் ஒரு விதமாகவும் புதுப்பத்திரம் இன்னொரு விதமாகவும் இருக்கும். பாதைக்குத் தெற்கா, பாதை தெற்கிலா என்று நிதானித்துப் பாருங்கள்.

அடுத்து அளவு. "வடபுறம் கிழமேல் 40 அடி, கீழ்புறம் தென்வடல் 60 அடி" என்றால், வடக்கு ஓரம் கிழக்கு மேற்காக 40 அடி ஓடுகிறது, கிழக்கு ஓரம் தெற்கு வடக்காக 60 அடி ஓடுகிறது. முதல் சொல் எந்த ஓரம் என்பதற்கு, இரண்டாவது அது எந்தப் போக்கில் ஓடுகிறது என்பதற்கு. அவ்வளவுதான்.

கிராமத்துப் பெரியவர்களுக்கு இந்தத் தாள் எதுவும் வேண்டியதில்லை. பாகப்பிரிவினைக்கு வந்த ஒரு பாட்டி, என் கடை பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "கெணத்துக்கு மேலாண்ட மூணு தென்ன, அதுக்கு வடக்கால கொட்டாய்" என்று அடுக்கிக்கொண்டே போனார். கை மேற்கே நீண்டது, பிறகு தன் தோளுக்குப் பின்னால் போனது. வடக்கு அந்தப் பக்கம்தான். நான்தான் எழுந்து போய் வாசலில் நின்று சரிபார்த்தேன்.

இது ஏதோ பாட்டிகளின் வித்தை இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கூகு இமிதிர் என்ற பழங்குடி மொழி பேசுகிறவர்கள் மேசைமேல் இருக்கிற சாமானுக்குக்கூட வடக்கு தெற்கு சொல்கிறவர்கள். அவர்களிடமும் இன்னும் பல மொழிக்காரர்களிடமும் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சன் குழுவினர் நடத்திய சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். மேசைமேல் ஒரு சொம்பு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி வரிசையாக வையுங்கள். ஒருவரைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அவரை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, இன்னொரு மேசையில் "அதே மாதிரி வை" என்று சொல்லுங்கள். வேறொன்றும் சொல்லக் கூடாது. 'இடது' என்று வாய் தவறினால் சோதனை போச்சு. சொம்பு முன்பு வடக்கு ஓரத்தில் இருந்தது என்றால், சிலர் இப்போதும் வடக்கு ஓரத்திலேயே வைப்பார்கள். சிலர் தங்கள் இடக்கைப் பக்கம் இருந்ததை மறுபடியும் இடக்கைப் பக்கமே வைப்பார்கள்.

எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் இதைத் தமிழர்களிடமே செய்து 1995ல் எழுதினார். நாட்டுப்புறத்தார் பேச்சில் திசை அதிகம், நகரத்தார் பேச்சில் இடது வலது அதிகம். பொருளை வைப்பதும் பெரும்பாலும் அந்தப் பேச்சுக்கு ஏற்பவே இருந்தது. மொழி ஒன்று, பழக்கம் இரண்டு. இதை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் 2002ல், கண்ணுக்கு அடையாளம் ஏதாவது தெரிந்தால் அமெரிக்க மாணவர்களின் விடையும் மாறுகிறது என்று காட்டினார்கள். அதற்கு லெவின்சன் குழு மறுப்பும் எழுதியது. ஆகவே ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு முறை, திறந்துவிட்டு ஒரு முறை செய்து பாருங்கள். என்னைக் கேட்டால், ஊர்ப்பேச்சும் ஊரின் அமைப்பும் சேர்ந்துதான் ஒருவரைப் பழக்குகின்றன.

திசை சொல்லிப் பழக நம் வேலூர்ப் பக்கம் தோதான இடம். பாலாறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. தண்ணீர் இல்லாவிட்டாலும் மணல் படுகை இருக்கிறதே. காட்பாடியிலிருந்து பாலம் ஏறினால் தெற்கே போகிறீர்கள். வேலூர் டவுனுக்குள் வந்துவிட்டால், கோட்டைக்குக் கிழக்கே மலைகள். கோபுரத்தை மட்டும் நம்பாதீர்கள்: கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் ராஜகோபுரம் தெற்கு வாசலில் நிற்கிறது. பத்து நாளைக்கு "சர்க்கரை டப்பா மிக்ஸிக்குக் கிழக்கால" என்று வீட்டில் பேசிப் பாருங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் முதலில் பிடித்துக்கொள்வதும் அவர்கள்தான்.

மனையில் நிற்கும்போது சூரியனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மார்ச், செப்டம்பர் பிற்பகுதியில்தான் அது நேர் கிழக்கில் உதிக்கும். நம் ஊரில் ஜூனில் சுமார் 24 பாகை வடக்கே ஒதுங்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. நடுப்பகல் நிழல் வடக்கே விழும் என்பதும் ஆண்டு முழுக்கச் சரியில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, கத்திரி வெயில் உட்பட, தெற்கே விழும். ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் நுனியில் கல் வையுங்கள். அரைமணி கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. உச்சிப்பொழுதை ஒட்டிச் செய்தால் துல்லியம் கூடும்.

பிறகு நீங்கள் கட்டம் போட்ட தாளைப் புலப்படத்தோடு, அதாவது அரசு சர்வே வரைபடத்தோடு, ஒப்பிடுங்கள். சர்வே எண், உட்பிரிவு இரண்டும் சேர வேண்டும். எல்லையும் பரப்பும் முரண்பட்டால், பொதுவாக நீதிமன்றங்கள் எல்லைக்கே முதலிடம் தருகின்றன. அதனால் டேப்பை விரிப்பதற்கு முன்னால் நான்கு பக்கத்து அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு நிறுத்தி, "எனக்கு எந்தப் பக்கம் நீங்க?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். முன்பணம் அதற்கப்புறம்.