விரலால் வண்ணம் பூசும் விளையாட்டு: தொடவே தயங்கும் குழந்தைக்கு

என் மகளுக்கு ஒன்றே கால் வயதிருக்கும்போது முதன்முறையாக அவள் முன்னால் பெயின்ட் வைத்தேன். உள்ளங்கையில் துளி பட்டதுதான் தாமதம், ஐந்து விரல்களையும் விறைப்பாக விரித்து, கையை உடம்பை விட்டு எட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்து, கையைப் பிடித்து மறுபடியும் பெயின்டில் வைத்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம் அந்தத் தட்டை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வேறு வழியில் மெதுவாகத் தொடங்கி, இப்போது தானாகவே தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அந்த வழியைத்தான் எழுதுகிறேன்.

இந்த வயதுக்கு பிரஷ்ஷை விட விரல் ஏன் பொருத்தம்? ஒரு வயதுக் குழந்தை பிரஷ் மாதிரி நீளமான பொருளைப் பெரும்பாலும் முழுக் கையால்தான் பற்றும். பிரஷ்ஷைக் கொடுத்தால் அதைப் பிடிப்பதே பெரிய வேலையாகிவிடும். விரலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நகர்த்தினால் கோடு வருகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது. தான் செய்ததால்தான் இது நடந்தது என்பது கண்ணெதிரே தெரிகிறது. முதலில் தோளிலிருந்து முழுக் கையும் வீசி அசையும், பிறகு மணிக்கட்டு, கடைசியில்தான் தனி விரல். வலது கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய் இழுக்கும்போது, இரண்டு கைகளையும் இணைத்து வேலை செய்யும் பழக்கத்துக்கும் அடித்தளம் விழுகிறது.

இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பரப்பியவர் ரூத் ஃபைசன் ஷா என்ற அமெரிக்க ஆசிரியை. ரோம் நகரில் பள்ளி நடத்தியபோது, காயத்துக்கு அயோடின் போடச் சொல்லி அனுப்பிய சிறுவன் அதைக் குளியலறைச் சுவரில் பூசி விளையாடியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1930-களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கேற்ற பெயின்டையும் அவரே உருவாக்கினார்.

1. பெயின்ட்

2 வயதுக்குள் நான் வீட்டில் செய்ததை மட்டும்தான் கொடுப்பேன், ஏனென்றால் இந்த வயதில் கை நேராக வாய்க்குப் போகும். அரை கப் கார்ன்ஃப்ளார், 2 கப் தண்ணீர், சில துளி ஃபுட் கலர், அவ்வளவுதான். மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு வேண்டாம், தொட்டால் கிறீச்சென்று இருக்கும் வெள்ளை ஸ்டார்ச்தான் வேண்டும்.

கட்டி தட்டாமல் வருவது ஒரே விஷயத்தில் இருக்கிறது: மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அப்புறம்தான் அடுப்பில் வைக்க வேண்டும். நேராகச் சுடுதண்ணீரில் போட்டால் மாவின் வெளிப்பக்கம் உடனே வெந்து ஓடு மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு அப்படியே தங்கிவிடும். சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெகுநேரம் ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று இறுகும். வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆனதும் இறக்கிவிடுங்கள். ஆறும்போது இன்னும் கெட்டியாகும் என்பதால், கரண்டியைச் சாய்த்தால் வழிகிற பதத்திலேயே நிறுத்துவது நல்லது. நன்றாக ஆறிய பிறகு உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை வைப்பேன். புளித்த வாடை வந்தால் அதற்கு முன்பே கொட்டிவிடுவேன். குழந்தை கை வைத்த மிச்சத்தை மறுபடி டப்பாவில் சேர்ப்பதில்லை.

கடையில் வாங்குவதாக இருந்தால் ‘விரல் பெயின்ட்’ என்றே குழந்தைகளுக்காகத் தயாரித்ததை வாங்குங்கள். ஐரோப்பாவின் இஎன் 71-7 தரவிதிப்படி இவற்றில் கசப்புப் பொருள் கட்டாயம் சேர்க்க வேண்டும், நக்கினால் கசந்து குழந்தையே நிறுத்திவிடும் என்பதற்காக. அக்ரிலிக் வேண்டவே வேண்டாம்.

2. இடம்

தரையில் பழைய விரிப்பு, அதன் மேல் குழந்தை, உடம்பில் டயப்பர் மட்டும். விலை உயர்ந்த ஓவியத் தாள் தேவையே இல்லை. எனக்குப் பிடித்தது பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம்: வழவழப்பாக இருக்கும், ஈரத்தில் சீக்கிரம் கிழியாது. சாதாரணத் தாள் இரண்டு இழுப்பில் கந்தலாகிவிடும். நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கையோடு தாளும் சேர்ந்து வரும். ஈரத் துணியை இப்போதே பக்கத்தில் வைத்துவிடுங்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது.

3. முதல் தொடுதல்

இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில குழந்தைகளுக்கு ஈரமும் பிசுபிசுப்பும் உண்மையிலேயே தாங்க முடியாத உணர்வு. அவர்கள் அடம்பிடிக்கவில்லை. கையைப் பிடித்து அழுத்தினால் அந்தப் பயம் உறுதியாகிவிடும். ஆகவே முதல் வாரம் பெயின்ட் அவள் மேல் படவே விடவில்லை. ஜிப் கவரில் இரண்டு கரண்டி பெயின்ட் போட்டு, காற்றை நீக்கி மூடி, வாய்ப்பக்கத்தை டேப்பால் ஒட்டி, கவரின் நான்கு பக்கத்தையும் மேசையோடு ஒட்டினேன். பிளாஸ்டிக் கவர் என்பதால் பக்கத்தை விட்டு நகரவே கூடாது. முதல் நாள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். இரண்டாம் நாள் ஒரு விரலால் அழுத்தினாள், அழுத்திய இடத்தில் பெயின்ட் விலகி மேசை தெரிந்தது. விரலை எடுத்து நுனியைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினாள்.

அடுத்து, அவள் எதிரே உட்கார்ந்து நான் விளையாடினேன். அவளைக் கூப்பிடவில்லை. ஒரு பொம்மைக் காரின் சக்கரத்தைப் பெயின்டில் தோய்த்து உருட்டினேன். தடத்தைப் பார்த்துக் காரைக் கேட்டாள், கொடுத்தேன். பிடித்திருந்தது காரைத்தான், ஆனால் ஓட்ட ஓட்ட விரல்நுனியில் நிறம் ஏறியது. கையை நீட்டிய அந்த நொடியே ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். துடைக்கச் சொன்னால் உடனே துடைப்பார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அவளுக்குத் துணிவும் வந்தது. ஐந்தாறு முறை துடைத்திருப்பேன். பிறகு கேட்பது குறைந்து, ஒருநாள் முழு உள்ளங்கையையும் தாளில் வைத்தாள்.

உங்கள் குழந்தை தயங்காத குழந்தை என்றால் இந்தப் படியையே தாண்டிவிடலாம்.

4. விளையாடும்போது

முதலில் ஒரே ஒரு நிறம். அப்புறம் இரண்டு: மஞ்சளும் சிவப்பும், அல்லது மஞ்சளும் நீலமும். மூன்றையும் ஒன்றாக வைத்தால் கலந்து சேற்று நிறமாகிவிடும், புது நிறம் பிறக்கிற ஆச்சரியம் கிடைக்காது.

“இது என்ன?” என்று கேட்காதீர்கள். இந்த வயதுக் கிறுக்கல் எதையும் குறிப்பதில்லை, அசைவே அதன் இன்பம். நான் பார்த்ததை மட்டும் சொல்வேன்: “நீளமாக இழுத்தாய்”, “மஞ்சள் அங்கே போய்விட்டது.” இதிலேயே சொற்களும் ஏறும். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டால் ஐந்து நிமிடம் போதும்.

5. சுத்தம்

நேராகக் குழாயடிக்குத் தூக்கிப் போகாமல், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். நிறம் தண்ணீரில் கரைவதைப் பார்ப்பதில் இன்னொரு பத்து நிமிடம் போகும். தரையில் சிந்தியது காய்வதற்குள் துடைத்துவிடுங்கள்.

பின் சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவை

வாயில் வைக்கிறானே என்று சிலர் கேட்டிருந்தார்கள். வீட்டுப் பெயின்டை ஒருமுறை நக்கினால் பரவாயில்லை, அள்ளித் தின்றால் அன்றைக்குக் கவர் விளையாட்டோடு நிறுத்துங்கள். கெடாமல் இருக்க நிறைய உப்புச் சேர்க்கும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம், விழுங்கினால் சிறு குழந்தைக்கு ஆபத்து. வேகாத கோதுமை, மைதா மாவிலும் கிருமிகள் இருக்கலாம். ஒரு வயதுக்குள் இருந்தால் பெயின்டில் தேன் சேர்க்கவே கூடாது.

நிறம் கையில் தங்கிவிடுகிறது என்றவர்களுக்கு: ஃபுட் கலர் அதிகமாகிவிட்டது. ஜெல் வகை என்றால் ஒரு துளியே போதும்.

இன்னொருவர் மகன் பெயின்ட் மட்டுமல்ல, புல், மணல், சட்டையின் தையல், குழைந்த சாப்பாடு எதையும் தன் மேல் பட விடுவதில்லையாம். அப்படி எல்லாவற்றிலும் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

காய்ந்ததும் பெயின்ட் உதிர்கிறது என்பது கடைசிக் கேள்வி. தடிமனாகப் பூசிய இடம் வெடித்து உதிரத்தான் செய்யும். தாளைத் தொங்கவிடாமல் படுக்கை வாக்கில் காயவையுங்கள். வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், ஈரமாக இருக்கும்போதே மேலே வேறொரு தாளை வைத்து அழுத்தி எடுங்கள். அந்த நகலில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், உதிராது. நாங்கள் அப்படித்தான் எடுத்து, பின்னால் தேதி போட்டு வைக்கிறோம்.