ஓக்லஹோமாவில் இடிமேகம் துரத்தல்: காலை 7 மணி முதல் இருட்டும் வரை

நமக்குப் புயல் என்றால் வங்கக்கடல். இது வேறு. மே, ஜூன் மாதங்களில் அமெரிக்காவின் டெக்சஸ் முதல் நெப்ராஸ்கா வரை நீளும் சமவெளியில், மத்தியானத்துக்கு மேல் திரண்டெழுந்து தன்னைத்தானே சுற்றும் இடிமேகம். சூப்பர்செல் என்பார்கள். டொர்னாடோவும் (மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்று) பெரிய ஆலங்கட்டியும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும். இதைத் தேடிப்போய்ப் பார்ப்பதும் படமெடுப்பதும்தான் துரத்தல்.

காலை 7 மணி வானிலை பலூன் தரவைப் பாருங்கள். நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் காலை 8 மணிக்கும் 11.30க்கும் அன்றைய புயல் அபாய வரைபடத்தைத் திருத்தும். அதையும் சேர்த்துப் படியுங்கள். தரையருகே பனிநிலை (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 18 டிகிரி செல்சியஸ், கேப் எனப்படும் மேலெழு ஆற்றல் கிலோவுக்கு 2000 ஜூல், தரைக்கும் 6 கிலோமீட்டர் உயரத்துக்கும் நடுவே 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) காற்று வேறுபாடு: இவ்வளவும் இருந்தால் கிளம்பலாம். கூடவே, மேலே மூடிபோலக் கிடக்கும் வெப்பக்காற்று அடுக்கையும் கவனியுங்கள். மூடி லேசாக இருந்தால் காலையிலேயே ஊரெல்லாம் மேகம் கிளம்பி ஒன்றையொன்று கெடுத்துவிடும். மூடி கெட்டியாக இருந்தால் சாயங்காலம்வரை நீலவானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

காரில் மூன்று பேர் போதும். ஓட்டுநர் ஓட்டுவது மட்டுமே. போன், கேமரா எதையும் தொடக்கூடாது. பக்கத்து சீட்டுக்காரர் ரேடாரும் வரைபடமும். பின்சீட்டுக்காரர் வானம் பார்ப்பார், படமெடுப்பார். “திரும்பிடலாம்” என்று மூவரில் யார் சொன்னாலும் வண்டி திரும்பணும். அந்த இடத்தில் விவாதம் கிடையாது. சிக்னல் போய்விடும் என்பதால் காகித வரைபடம் கட்டாயம். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்: ஊரில் கரண்ட் போனால் பங்க்கில் பெட்ரோலும் வராது.

ஒரு மணிவாக்கில், நாலு பக்கமும் தார்ரோடு பிரியும் ஒரு சந்திப்பில் போய் நில்லுங்கள். ஓக்லஹோமா மாநிலத்தில் மைலுக்கு ஒரு ரோடு கட்டம் கட்டமாக ஓடும். வரைபடத்தில் எல்லாம் ஒரே கோடாகத்தான் தெரியும், ஆனால் பாதி செம்மண் ரோடு. நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு வண்டி பள்ளத்துக்கு வழுக்கும். ஆற்றுப்பாலங்கள் எங்கே என்பதையும் முன்கூட்டியே குறித்துவையுங்கள்.

மேகம் வடகிழக்கே நகர்ந்தால் நீங்கள் அதற்குத் தென்கிழக்கே, நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, வடமேற்கைப் பார்த்து நிற்கணும். மழையும் ஆலங்கட்டியும் வடக்கே கொட்டும். மழையில்லாத கறுத்த அடிப்பகுதி உங்கள் கண்முன் இருக்கும். அதில் ஒரு துண்டு கீழிறங்கிச் சுற்றினால் அதைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். தெற்கே தப்பும் வழி எப்போதும் திறந்திருக்கணும். மழைத்திரைக்குள் புகுந்து மறுபக்கம் போகலாம் என்ற யோசனையே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதன்மேல் போய் முட்டுவீர்கள்.

ரேடாரை நம்பி நெருங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. திரையில் இருப்பது சுமார் ஐந்து நிமிடப் பழைய படம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் மேகம் அதற்குள் ஐந்து கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். அதைவிட மோசம், சூப்பர்செல் நடுவில் வலப்பக்கம் திரும்பும். 2013 மே 31 அன்று எல் ரெனோ அருகே டொர்னாடோ திடீரெனத் திசைமாறி, வேகமெடுத்து, 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. புயல் ஆய்வாளர் டிம் சமராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். டிம்மும் யங்கும் பல ஆண்டு அனுபவசாலிகள்.

சுழல் இடமும் வலமும் நகராமல், பருத்துக்கொண்டே போனால் அது உங்களை நோக்கித்தான் வருகிறது. மேம்பாலத்தடியில் ஒதுங்காதீர்கள், அங்கே காற்று குறையாது, பறந்துவரும் பொருள்கள்தான் அடிக்கும். ஆலங்கட்டியில் மாட்டிக்கொண்டால் ஓரங்கட்டி, முன்கண்ணாடியை அது வரும் திசைக்குத் திருப்புங்கள். முன்கண்ணாடி ஒட்டுக்கண்ணாடி, விரிசல் விட்டாலும் நிற்கும். பக்கக் கண்ணாடி ஒரே அடியில் பொடியாகும். மின்னல் பக்கத்தில் என்றால் ட்ரைபாடை விட்டுவிட்டுக் காருக்குள் ஏறுங்கள்.

இருட்டியதும் துரத்தலை நிறுத்துங்கள். அதற்கு மேல் சுழல் மின்னல் வெளிச்சத்தில்தான் தெரியும், ரோட்டில் தேங்கிய தண்ணீர் அந்த வெளிச்சத்திலும் தெரியாது. ராத்தங்கலை மறுநாள் இலக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகப் பாருங்கள்; அது 500 கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும்.