செவுரு நிறைய இருக்கற கட்டடத்துல வைஃபை வரலையா? ராவுட்டர மாத்தறதுக்கு முன்னாடி இத பண்ணி பாருங்க

ஹால்ல ஃபுல் டவர், உள் ரூம் கதவ சாத்தினா ஒரு கோடு, அதுக்கும் அடுத்த ரூம்ல சுத்தமா இல்ல. இந்த பிரச்சனைக்கு எல்லாரும் முதல்ல பண்றது ஆறு ஆன்டெனா வச்ச பெரிய ராவுட்டர் வாங்கறது, நானும் அதத்தான் பண்ணேன், உள் ரூம்ல ஒரு கோடு ரெண்டு கோடாச்சு அவ்ளோதான்.

ஏன்னா வைஃபை ஒன்வே கிடையாது. ராவுட்டர் சத்தமா கத்தினா போதாது, உங்க ஃபோனும் திரும்ப பதில் சொல்லணும். மேடைல மைக் வச்சு பேசறவர் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும், ஆனா கடைசி வரிசைல மைக் இல்லாம இருக்கறவர் பதில் சொன்னா மேடைக்கு கேக்குமா? அதனாலதான் டவர் காட்டும், ஆனா பேஜ் சுத்திக்கிட்டே இருக்கும்.

சரி, முதல்ல பிரச்சனை வைஃபைலதானான்னு பாருங்க. லேப்டாப்ப லேன் கேபிள்ல நேரா ராவுட்டர்ல சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. அங்கயே ஸ்லோன்னா செவுர திட்டி பிரயோஜனம் இல்ல, கனெக்ஷன் குடுத்தவங்களதான் கூப்பிடணும்.

அங்க ஸ்பீட் நல்லா வருதுன்னா அடுத்து அளக்கணும். டவர் கோட்ட நம்பாதீங்க, ஒவ்வொரு ஃபோனும் ஒவ்வொரு மாதிரி காட்டும். ஆண்ட்ராய்டுல வைஃபை அனலைசர் ஆப் ஏதாவது ஒண்ணு போட்டா டிபிஎம்னு (சிக்னல் பலத்த சொல்ற அளவு) மைனஸ்ல ஒரு நம்பர் வரும், மேக் லேப்டாப்னா ஆப்ஷன் கீய அழுத்திக்கிட்டே மேல இருக்கற வைஃபை ஐகான கிளிக் பண்ணா ஆர்எஸ்எஸ்ஐன்னு அதே நம்பர் இருக்கும். மைனஸ் 50ன்னா சூப்பர், மைனஸ் 65 வரைக்கும் வீடியோ கால் தாராளமா ஓடும், மைனஸ் 75 தாண்டினா திணறும், 85க்கு மேல போனா கனெக்ட் ஆனாலும் ஆகாத மாதிரிதான். இதுல ஒரு விஷயம், அந்த நம்பர் 3 குறைஞ்சா, அதாவது மைனஸ் 50 மைனஸ் 53 ஆனா, பவர் பாதியாச்சுன்னு அர்த்தம், 10 குறைஞ்சா பத்துல ஒரு பங்கு, 20 குறைஞ்சா நூறுல ஒரு பங்கு. ரூம் ரூமா நடந்து, கதவ சாத்தி ஒரு தடவ திறந்து ஒரு தடவ நம்பர ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப செவுரு கதைக்கு வருவோம். ஜிப்சம் போர்டு, பிளைவுட் தடுப்பெல்லாம் பெரிசா ஒண்ணும் பண்ணாது, அந்த நம்பர்ல சுமாரா 3, 4 தான் சாப்பிடும். செங்கல் செவுரு அதவிட அதிகம். கம்பி கட்டின கான்கிரீட்தான் வில்லன், ஒரே செவுத்துல 15, 20 கூட போயிடும். கண்ணாடி ஜன்னல் பரவால்ல, ஆனா முகம் பாக்கற கண்ணாடிக்கு பின்னாடி உலோக பூச்சு இருக்கு, அது சிக்னல திருப்பி அடிச்சிடும், இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாமே அந்த லிஸ்ட்தான், மீன் தொட்டி தண்ணி சிக்னல உறிஞ்சிடும். அப்பறம் யாரும் யோசிக்காத ஒண்ணு, சிக்னல் செவுத்த நேரா தாண்டுதா சாய்வா தாண்டுதாங்கறது. 9 இன்ச் செவுத்த 45 டிகிரி சாய்வா தாண்டினா அதுக்கு அது கிட்டத்தட்ட 13 இன்ச் செவுரு, இன்னும் சாஞ்சு 60 டிகிரின்னா 18 இன்ச், அதாவது ரெண்டு செவுரு கணக்கு. ராவுட்டர் ஒரு மூலைல இருந்தா எதிர் மூலை ரூமுக்கு இதுதான் நடக்குது.

அதனால காசு செலவில்லாத முதல் வேலை இடம் மாத்தறது. கேபிள் உள்ள வர்ற மூலைலயே, டிவிக்கு பின்னாடி, ஷெல்ஃபுக்குள்ள, தரைலன்னு வச்சிருப்பாங்க, எல்லாமே தப்பு. நடுவுல, நெஞ்சு உயரத்துக்கு மேல, கதவு வழியா மத்த ரூம்கள் தெரியற இடமா பாருங்க, சிக்னலுக்கு திறந்த கதவு ராஜபாட்டை. ஃபைபர் பாக்ஸ நகர்த்த முடியாதுன்னா அது அங்கயே இருக்கட்டும், அதுலேந்து லேன் கேபிள் இழுத்து நடுவுல ராவுட்டர் வைங்க (ஃபைபர் வயர நீங்களே இழுத்து மடக்காதீங்க, உள்ள கண்ணாடி இழை, உடைஞ்சா போச்சு). ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஸ்டூல் மேல வச்சு, பேப்பர எடுத்துக்கிட்டு மறுபடி நடங்க.

ஆன்டெனா குச்சிய உள் ரூம் பக்கம் சுட்டி காட்டற மாதிரி திருப்பறது வேஸ்ட். குச்சி வண்டி அச்சுன்னா சிக்னல் டயர் மாதிரி அத சுத்தி பரவும், குச்சி முனை நோக்கற திசைலதான் ரொம்ப கம்மி. ஒரே தளம்னா செங்குத்தா நிக்கட்டும், மாடிக்கும் வேணும்னா ஒண்ண மட்டும் படுக்க வைங்க.

செட்டிங்ல ரெண்டே விஷயம். ராவுட்டர் ரெண்டு அலைவரிசைல அனுப்பும்: 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஆனா செவுத்துல சீக்கிரம் செத்துடும், 2.4 மெதுவு ஆனா ஊடுருவும், அதனால ரெண்டுக்கும் தனித்தனி பேரு வச்சு தூர ரூம் சாதனங்கள 2.4ல போடுங்க. அந்த 2.4ல சேனல் 1, 6, 11 இதுல எது காலியோ அது, சேனல் அகலம் (வித்) 20 மெகாஹெர்ட்ஸ். நடுவுல 3, 4ன்னு வச்சா ரெண்டு பக்கமும் இடிக்கும்.

இதுக்கப்பறமும் வரலன்னா இன்னொரு பாக்ஸ் வேணும்தான். ரிப்பீட்டர் (சிக்னல வாங்கி திருப்பி அனுப்பற பாக்ஸ்) வாங்கறவங்க பண்ற தப்பு, சிக்னல் இல்லாத ரூம்லயே அத சொருகறது. அதுக்கே சாப்பாடு இல்லாதப்ப அது யாருக்கு பரிமாறும்? மைனஸ் 60, 65 இருக்கற பாதி வழில வைங்க. அப்பவும் ஒரே ரேடியோல வாங்கி அதுலயே திருப்பி அனுப்பறதுன்னா ஸ்பீட் பாதியாயிடும். மெஷ்னு (ரெண்டு மூணு பாக்ஸ் சேர்ந்து ஒரே வைஃபையா ஓடறது) அழகான டப்பால வர்றதும் கேபிள் இல்லாம போட்டா அடிப்படைல இதே கதைதான், பாக்ஸுங்க தங்களுக்குள்ள பேசிக்க தனி ரேடியோ இருக்கற ட்ரைபேண்ட் கொஞ்சம் தேவல.

என்ன கேட்டா கேபிள்தான். செவுத்த தாண்டறத வயர்கிட்ட விட்டுடுங்க, ரூமுக்குள்ள மட்டும் வைஃபை வேலை செய்யட்டும். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போகும், கரண்ட் வயர் போற அதே பைப்ல மட்டும் விடாதீங்க. மறுமுனைல புது ஆக்சஸ் பாயிண்ட் (கேபிள்ல வர்ற நெட்ட வைஃபையா பரப்பற பாக்ஸ்) கூட வேணாம், பரண்ல கிடக்கற பழைய ராவுட்டர் போதும். அதுல ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தா ஒரு கிளிக். இல்லன்னா அதோட ஐபிய (நெட்வொர்க்ல அதோட விலாச நம்பர்) மெயின் ராவுட்டர் வரிசைலயே வேற நம்பரா மாத்துங்க, மெயின் 192.168.1.1ன்னா இது 192.168.1.2, மெயின் ராவுட்டர் தானா பங்கிட்டு குடுக்கற நம்பர்கள்ல அது வராம பாத்துக்கோங்க, அப்பறம் பழைய ராவுட்டர்ல டிஹெச்சிபிய (நம்பர் பங்கிட்டு குடுக்கற வேலை) ஆஃப் பண்ணுங்க, கேபிள அதோட வேன் போர்ட்ல (வெளி இன்டர்நெட் சொருகற இடம்) இல்லாம லேன் போர்ட்ல சொருகுங்க. இந்த கடைசி விஷயத்துலதான் நான் ஒரு ராத்திரி முழுக்க முழிச்சேன். பழசுல போர்ட் 100 எம்பிபிஎஸா இருந்தா, அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

கேபிள் விடவே முடியாதுன்னா கரண்ட் லைன் வழியா நெட் அனுப்பற பவர்லைன் அடாப்டர் இருக்கு, நேரா செவுத்து ப்ளக்ல சொருகணும், ஸ்பைக் பஸ்டர்ல போட்டா படுத்துடும். ரெண்டு ரூமும் வேற வேற ஃபேஸ்ல இருந்தாலும் சொதப்பும்.

ரெண்டு பாக்ஸுலயும் 2.4க்கு ஒரே பேரு, 5க்கு ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு, ஆனா வேற வேற சேனல் குடுங்க. முடிச்சதும் ஒரு வீடியோ கால் போட்டுக்கிட்டே ஹால்லேந்து உள் ரூம் வரைக்கும் நடங்க. பக்கத்துலயே புது பாக்ஸ் இருந்தும் ஃபோன் பழையத விடாம தொங்கிக்கிட்டே இருந்தா, ரெண்டுலயும் டிரான்ஸ்மிட் பவர ஹைலேந்து மீடியத்துக்கு எறக்குங்க. குறைக்கறதான்னு தோணும், ஆனா அப்பதான் அது கைய விடும்.