நாயக்கர் மஹாலை வாட்டர்கலரில் வரைவது எப்படி

மதுரையில் 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மஹாலில், அரசவை கூடிய மண்டபமான சொர்க்க விலாசத்தைத்தான் பலரும் வரைய எடுக்கிறார்கள். அதில் முக்கால்வாசி வேலை தூண்களில் இல்லை, வளைவுகளுக்குள் இருக்கும் நிழலில். நிழல் சரியாக விழுந்தால் தாளின் வெள்ளையே தூணாக நின்றுவிடும்.

முற்றத்தில் மேற்குப் பார்த்து நின்றால் சொர்க்க விலாசம் எதிரே. அதன் முகப்பு கிழக்கு நோக்கியது. விடிகாலை வெயில் நேராக அடிப்பதால் எல்லாம் தட்டையாகத் தெரியும். மதியத்துக்குப் பிறகு முகப்பே நிழலில் போய்விடும். 10 முதல் 11 மணி வரை நல்ல நேரம். இன்னொன்று: மே முதல் ஆகஸ்ட் நடு வரை மதுரையில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், அதாவது உங்கள் வலப்பக்கம். டிசம்பரில் இடப்பக்கம். பழைய போட்டோவை வைத்து நேரில் போட்ட ஸ்கெட்ச்சை முடித்தால் நிழல் இரண்டு பக்கமும் விழுந்து நிற்கும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (தடிமனான) காட்டன், கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது), 11×15 அங்குலம். நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். ஹெச்பி பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, தூணின் தடிமனையும் இரு தூண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் ஒப்பிட்டு அளந்த பிறகே கோடு போடுங்கள். கண்ணால் மட்டும் மதிப்பிட்டால் தூண் மெலிந்து கல்யாணப் பந்தல் கால் போலாகிவிடும். வளைவின் இதழ்களை முன்னால் உள்ள இரண்டு மூன்றில் மட்டும் வரைந்தால் போதும்.

முதல் வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு: நிறைய தண்ணீரில் எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). வெயில் படும் தூண் விளிம்பை மட்டும் விட்டுவிடுங்கள். நன்றாகக் காயட்டும்.

அடுத்தது நிழல். அல்ட்ராமரீன் (அடர் நீலம்) 2 பங்கு, பர்ன்ட் சியன்னா 1 பங்கு. எல்லா வளைவுக்கும் போதுமான அளவு முதலிலேயே கலந்துகொள்ளுங்கள், நடுவில் கலந்தால் அதே நிறம் வராது. காய்ந்ததும் வெளுக்கும் என்பதால் ஒரு படி அழுத்தமாகவே இருக்கட்டும். வளைவின் உச்சியில் தொடங்கி, பிரஷ் நுனியில் எப்போதும் ஒரு துளி தொங்கும்படி கீழே இறக்குங்கள். அடியை எட்டும்போது, ஈரத்திலேயே கொஞ்சம் பர்ன்ட் சியன்னா விடுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது.

மதுரை வெயிலில் வாஷ் பாதி வளைவிலேயே காய்ந்து கோடு கட்டும். ஒரு வளைவை முழுதாக முடித்த பின்பே அடுத்ததைத் தொடுங்கள். பாதி காய்ந்த இடத்தைத் தண்ணீர் பிரஷ்ஷால் சரிசெய்யப் போனால் பூப்பூவாகத் திட்டு விழும். முழுதும் காயவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் விளிம்பை மட்டும் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

தூணின் உருட்சிக்கு அதே கலவையை நன்கு நீர்த்து ஒரே ஒரு தடவை. அதிக இருட்டு விளிம்பில் வரக்கூடாது, சற்று உள்ளே தள்ளி வரவேண்டும். விளிம்பில் மறுவெளிச்சம் உண்டு. சுதை வேலைப்பாடுகளுக்கு நுனிப் பிரஷ்ஷால் அங்கங்கே நிழல் புள்ளிகள் போதும். தாள் முழுதும் காய்ந்த பிறகே டேப்பை வெளிப்புறமாகச் சாய்த்து இழுங்கள். ஈரமிருந்தால் தாளின் மேல்தோலும் கூடவே வரும்.